ஐந்தாம் பக்கக் கேள்வி

மார்ச் 1, செவ்வாய்

இந்த முறையும் மேற்பார்வையாளர் வேலை வேண்டாம் என்றேன். இந்த முதியோர் இல்லத்தில் பதினொரு வருஷம் குளிப்பாட்டித் துடைத்தவள் நான். ஆனால் அந்தச் சம்பளம் வருமான வரம்பைத் தாண்டும்; தாண்டினால் அரசு கொடுத்த படிப்புக் கடனை வரித்துறை சம்பளத்திலிருந்தே பிடிக்க ஆரம்பிக்கும். என்ன படிப்பு? ஒரு பாடம்கூட நடத்தாமல் மூடிவிட்டுப் போன கல்லூரியின் டிப்ளமோ! அதற்குப் பதினெட்டாயிரம் டாலர் தண்டம்.

மேனேஜர் ரோவீனா தலையில் அடித்துக்கொண்டாள். "கொஞ்சம் பிடிப்பாங்கன்னு மொத்தத்தையும் வேணாங்குறியே, லூசா நீ?"

லூசுதான். தன் மூக்கு அறுந்தாலும் எதிரிக்குச் சகுனத்தடை.

மார்ச் 9, புதன்

அரசிடமிருந்து கடிதம். ஏமாற்றிச் சேர்க்கப்பட்டவர்களின் கடனை ரத்து செய்வார்களாம். ஏழு பக்கப் படிவம். ஐந்தாம் பக்கத்தில் ஒரு கேள்வி: உங்களைச் சேர்த்தவர் பெயர் என்ன?

டாரில். என் தம்பி. அப்போது அந்தக் கல்லூரிக்கு ஆள் பிடித்துக்கொண்டிருந்தான், தலைக்கு இவ்வளவு கமிஷன் என்று. என் சமையலறையில் உட்கார்ந்துதான் சொன்னான்: "கையெழுத்தப் போடு, லேப்டாப் சும்மா வரும். நீ என்னைக்கு அவ்வளவு சம்பாதிக்கப் போற, திருப்பிக் கட்டறதுக்கு?"

கடனைவிட இந்தப் பேச்சுதான் இன்னும் எரிகிறது.

மார்ச் 13, ஞாயிறு

டாரில் தன் வீட்டுத் தோட்டத்தில் சாசேஜ் சுட்டுக்கொண்டிருந்தான். படிவத்தைப் பற்றிச் சொன்னேன். முகம் வெளுத்துவிட்டது.

"என் பேரை மட்டும் எழுதிடாத, ஜன். இப்போ வீட்டுக்கடன் வாங்கித் தர்ற வேலை. லைசென்ஸ் போயிடும். ரெண்டு புள்ளைங்க இருக்கு."

காரியம் ஆக வேண்டுமென்றால்தான் நான் ஜன். மற்ற நாளெல்லாம் ஜனெல்.

மார்ச் 14, திங்கள்

படிவத்தை அலமாரியில் போட்டுவிட்டேன். கூடப் பிறந்தவனாயிற்றே, என்ன செய்ய?

ஏப்ரல் 4, திங்கள்

வீட்டு வாடகை ஏறிவிட்டது. ரோவீனாவிடம் போய் அந்த வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். வெட்கமாக இருந்தது.

மே 6, வெள்ளி

முதல் பிடித்தம். சம்பளச் சீட்டை வைத்துக்கொண்டு அழுதேன். தொகை பெரிதில்லை. படிக்காத படிப்பு!

மே 22, ஞாயிறு

டாரில் மனைவி கெரி போன் செய்தாள். சந்தோஷத்தில் உளறிவிட்டாள். "அவரு கடன் முழுசும் ரத்தாயிடுச்சு!"

எந்தக் கடன்?

அப்போது ஒரு மாசம் ஆள் குறைந்ததென்று தன்னையே மாணவனாகச் சேர்த்துக் கமிஷன் வாங்கியிருக்கிறான். இப்போது கல்லூரி தன்னை ஏமாற்றிவிட்டது என்று மனு. எப்போது போட்டான் என்று கேட்டேன். "பிப்ரவரியிலயே."

அப்படியென்றால் சாசேஜைப் புரட்டிக்கொண்டே என்னிடம் கெஞ்சிய அன்று... ச்சீ. அவனிடம் போனைக் கொடுக்கச் சொன்னேன்.

"நானும் ஏமாந்தவன்தானே, ஜனெல்," என்றான். "உனக்குத்தான் இப்போ நல்ல சம்பளமாச்சே."

மே 23, திங்கள்

மதியம் படிவத்தைத் தபாலில் போட்டேன். ஐந்தாம் பக்கத்தில் அவன் முழுப்பெயரையும் எழுதினேன். நடுப்பெயர் அப்பாவுடையது, அதையும் விடவில்லை. அடுத்த கட்டத்தில், அவர் உங்களுக்கு அறிமுகமானவரா என்று கேட்டிருந்தார்கள்.

இல்லை என்று எழுதினேன்.