சத்தமில்லாத கம்ப்யூட்டர்

ஜூன் 3, செவ்வாய்
பள்ளிக்கூடம் திறந்துவிட்டது. பாடம் எடுக்கப் போகாமல் நான் லீவை நீட்டிக் கேட்டிருக்கிறேன். என் வீட்டுக்காரர் ஃபிரெட்ரிக்குக்கு டம்ளர் பிடிக்க முடியவில்லை. பேச்சும் குழறுகிறது. பேச்சு சீக்கிரம் நின்றுவிடும் என்று நரம்பு டாக்டர் சொன்னதிலிருந்து, இருக்கிற குரலைப் பதிவு செய்துவிட வேண்டும் என்று அவருக்குப் பிடிவாதம். பிறகு அவர் கண்ணசைவால் எழுதுவதைக் கம்ப்யூட்டர் அவர் குரலிலேயே படிக்குமாம்.

ஜூன் 7, சனி
கட்டிலுக்கும் மூச்சு மெஷினுக்கும் நடுவில் சின்னக் கம்ப்யூட்டர் பெட்டிதான் நிற்கும். அசோக் நகரில் கம்ப்யூட்டர் கட்டித் தருகிற ஃபைசான் அப்படி ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார். பதிவு தொடங்கியதும் உள்ளே ஃபேன் இரைந்தது. வடபழனி டப்பிங் தியேட்டரில் காலமெல்லாம் சவுண்ட் பார்த்த ஃபிரெட்ரிக், தன் காதிலிருந்து ஹெட்போனைக் கழற்றச் சொன்னார்.

போனில் பதிவு செய்யலாமே என்றேன்.

"குரல ஒரு தடவதான் குடுக்க முடியும். நல்லா இருக்கணும்" என்றார், குழறிக்கொண்டே.

ஜூன் 12, வியாழன்
ஃபைசான் பெட்டியைத் திறந்து பார்த்தார். "டப்பா சின்னது ஆன்ட்டி. சூடு ஏறிக்கினே கீது. ஃபேனை மெதுவாக்கினா ஆஃப் ஆயிடும்." சூட்டை இழுக்கப் பெரிய ஹீட்சிங்க், மெதுவாகச் சுற்றும் ஒரே ஃபேன் போடலாம் என்றார். பவர் சப்ளையிலும் ஒரு ஃபேன் உண்டு. தேவைக்கு மேல் சக்தி உள்ளதாகப் போட்டால் அது பெரும்பாலும் சுற்றாமலே நிற்குமாம். அந்தச் சின்ன அளவில் இங்கே ஸ்டாக் இல்லை. வெளியூரிலிருந்து வர வேண்டும்.

ஜூன் 20, வெள்ளி
வந்தது. பவர் சப்ளையை அளவு மாற்றி அனுப்பிவிட்டார்கள். பெட்டிக்குள் போகவே இல்லை. ஃபைசானிடம் போனில் கத்திவிட்டேன். அவர் என்ன செய்வார், பாவம். ஆனா நான் என்ன பண்றது? ஃபிரெட்ரிக் வாய் யாருக்காகக் காத்திருக்கும்?

ஜூன் 23, திங்கள்
ஜெபத்தில் ஃபிரெட்ரிக் குரலில் "ஆமென்" மட்டும்தான் கேட்டது.

ஜூலை 5, சனி
சரியான பவர் சப்ளை கிடைத்துவிட்டது. ஃபைசான் இங்கேயே உட்கார்ந்து மாட்டினார். சுவிட்சைப் போட்டதும், ஓடவில்லை என்றே நினைத்தேன் — விளக்கு மட்டும் எரிந்தது. ஃபிரெட்ரிக் கண்ணை மூடிக் கேட்டார். முகத்தில் அப்படியொரு திருப்தி. எத்தனை நாளாயிற்று பார்த்து!

மைக்கை வாயருகே வைத்தேன். படிக்க வேண்டிய முதல் வாக்கியத்தைக் காட்டினேன். வாய் திறந்தது. காற்றுதான் வந்தது. மறுபடி. மறுபடியும் காற்று.

ஃபைசான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ஹெட்போனில் ஃபிரெட்ரிக்கின் மூச்சு, தெருவில் போகிற ஸ்கூட்டர். வேறொன்றுமில்லை. அவ்வளவு சுத்தமான பதிவு.

ஜூலை 8, செவ்வாய்
எழுதத் தோன்றவில்லை.

ஜூலை 11, வெள்ளி
ஃபிரெட்ரிக் கண்ணால் எழுதக் கற்றுக்கொண்டார். கம்ப்யூட்டரில் ரெடிமேட் குரல்கள் நாலைந்து இருக்கின்றன. ஒவ்வொன்றாகப் போட்டுக் காட்டினேன். எல்லாவற்றுக்கும் வேண்டாம் என்பதுபோல் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு திரையில் எழுத்து எழுத்தாக வந்தது: நீ படி.

அதற்குக் கீழே இன்னொரு வரி. சத்தமாகப் படித்தேன்.

"டோரதி, கொஞ்சம் பக்கத்துல உக்காரு."

என் பெயரை நானே கூப்பிட்டுவிட்டு, போய் உட்கார்ந்தேன்.