ஸ்டெல்லா காருக்கு இரண்டு இன்ச் பைப்

ஜூன் 3, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். விஜயநகர் முழுக்க சேறு. துணி எதுவும் காயவில்லை.

கார் வேலை மறுபடி ஆரம்பம். ஸ்டெல்லா போய்ச் சேர்ந்து நான்கு மாதம். அதற்கு முன்னால் ஒரு வருடம் நரம்பு வியாதி, கால் தளர்ந்து படுக்கையும் நடையுமாக இருந்தாள். நான் ஷெட் பக்கமே போகவில்லை. இன்று தார்ப்பாயை எடுத்தேன். உள்ளே எலிப் புழுக்கை.

அவள் கார். எண்ணூறு சிசி. நர்ஸ் சம்பளத்தில் அவளே வாங்கியது. ஏ.சி. போட்டால் சாமுண்டி மலை ஏறாது. பாதி மலையில் ஏ.சி.யை அணைத்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்ப்பாள். "ஃபாக்டரியில பெரிய இன்ஸ்பெக்டர். வீட்டுக் காரை ஏற வெக்கத் தெரியல." டர்போ போட்டுத் தருகிறேன் என்று வாயை விட்டேன். அவள் போட்ட ஒரே கண்டிஷன்: தண்டச் செலவு கூடாது, கிடைக்கிறதை வைத்துச் செய்.

டர்போ ரெடி, பழைய டீசல் காரிலிருந்து கழற்றியது. மற்ற வேலையும் முன்பே முடித்ததுதான். பாக்கி, டர்போ காற்றை இன்ஜினுக்குக் கொண்டுபோகும் பைப். இரண்டு இன்ச்.

டிரைவர் சீட் இன்னும் முன்னால், அவள் தள்ளி வைத்தபடியே. தலையை மட்டும் உள்ளே விட்டுப் பார்த்தேன். உட்காரவில்லை.

ஜூன் 4, புதன்

பைப் யோசனை:

– பி.வி.சி. ஷெட்டிலேயே கிடக்கிறது. ஒரு துண்டைக் கொதிக்கிற தண்ணீரில் போட்டேன். கொஞ்ச நேரத்தில் வெந்த முருங்கைக்காய். டர்போ காற்று இதைவிடச் சூடு. வேண்டாம்.

– ஜி.ஐ., துத்தநாகம் பூசிய தண்ணி பைப். கனம். வெல்டிங் வைத்தால் விஷப் புகை, காய்ச்சலில் தள்ளும்.

– சைலன்சர் கடை இரும்பு பைப். மலிவு, வளைத்தும் தருவார்கள். உள்ளே துரு உதிர்ந்தால் நேரே இன்ஜினுக்குள் போகும்.

– அலுமினியம். நல்லது. ஒட்டத் தெரிந்த ஆள்?

பி.வி.சி.யை வேக வைத்தது ஸ்டெல்லாவின் பால் பாத்திரத்தில். இருந்திருந்தால் அதே பாத்திரத்தால் போட்டிருப்பாள். தேய்த்துத் தேய்த்துக் கழுவினேன். வாசனை போகவில்லை.

ஜூன் 6, வெள்ளி

மாதேஷ் கடைக்குப் போனேன். கொள்ளேகால்காரர். கேட், கிரில், வெல்டிங். லிஸ்டைக் காட்டினேன். சிரித்தார்.

"ஏனுங்க சார் இத்தன ரோசனை? படிக்கட்டுக் கைப்பிடிக்குப் போடற ஸ்டீல் பைப்பு இருக்குதுங்களே. துரு புடிக்காது, சூடு தாங்கும், லேசு. பழசே போதுங்க."

சரிதான். எனக்கு ஏன் தோன்றவில்லை? காந்தம் ஒட்டினால் துரு பிடிக்குமாம்; ஒட்டாத சரக்காகப் பார்த்து வாங்கச் சொன்னார். பிறகு வாய் தவறிச் சொல்லிவிட்டார்.

"உங்க ஊட்டுலயே ஒண்ணு போட்டமுங்களே, அம்மாவுக்கு. அது ரெண்டு இன்ச்சுதா." உடனே முகம் மாறியது. "தப்பா நெனைச்சுக்காதீங்க சார்."

டீ சொன்னார். குடிக்காமல் வந்துவிட்டேன்.

படுக்கையறையிலிருந்து பாத்ரூம் வரை சுவரோடு பதினொரு அடி. அவள் பிடித்து நடக்க நான் அளந்து போடச் சொன்னது. தினம் பத்து தடவை அதைத் தாண்டித்தான் போகிறேன், பைப் தேடி.

ஜூன் 7, சனி

மண்டி மொஹல்லா, பழைய இரும்புக் கடைகள். "எரடு இன்ச் இல்லா சார்." இரண்டு இல்லை, ஒன்றரை இருக்கிறதாம். எல்லாக் கடையிலும் ஒன்றரைதான். செருப்பு வார் அறுந்தது.

மகள் ஜெனி பெங்களூரிலிருந்து போன். வீட்டுக்கு வெள்ளையடிக்க ஆள் அனுப்புகிறாளாம். "அந்தக் கம்பியையும் கழட்டிடுங்க பா. அங்க வந்தா நீங்க அப்படியே நின்னுடறீங்க."

நிற்கிறேனா? தெரியவில்லை.

ஜூன் 8, ஞாயிறு

சர்ச். அவள் இடத்தில் வேறு யாரோ, கைக்குழந்தையோடு. பிரசங்கம் காதில் ஏறவில்லை. பைப் ஞாபகம்.

கிடைக்கிறதை வைத்துச் செய் என்றது அவள்தானே. அவள் பிடித்த பைப் அவள் காரிலேயே இருக்கட்டும். நாளை கழற்றுவது.

ஜூன் 9, திங்கள்

கழற்றினேன். எட்டு ஸ்க்ரூ. வெர்னியரில் ஐம்பது புள்ளி எட்டு மில்லிமீட்டர். சரியான இரண்டு இன்ச். பளபளவென்று புதுசு மாதிரி. ஒரு வருடம் கை பட்ட பைப் இப்படியா இருக்கும்?

விழுந்த ஸ்க்ரூவைப் பொறுக்கக் குனிந்தபோது பார்த்தேன். சுவரில், பைப் இருந்த இடத்துக்கு வெகு கீழே, ஒரு அழுக்குக் கோடு. கை அழுக்கு. படுக்கையறைக் கதவில் ஆரம்பித்து பாத்ரூம் வரை. இத்தனை நாள் பைப்பின் நிழலில் கண்ணில் படவில்லை.

டேப் வைத்தேன். பைப் முப்பத்தெட்டு இன்ச்சில். கோடு முப்பதில்.

முப்பத்தெட்டு என் இடுப்பு உயரம். அவள் என் தோளுக்குக்கூட வரமாட்டாள்.

ஜெனிக்கு போன். "அம்மா அந்தக் கம்பியைப் பிடிக்கவே இல்லையா?"

"கை தூக்கினா தோள் வலிக்குதுன்னாங்க பா. இறக்கிப் போடச் சொல்லலாம்னேன். 'அவர் ஆசையா போட்டது, நீ சும்மா இரு'ன்னாங்க."

"நான் பார்த்திருக்கேனே. பிடிச்சுக்கிட்டுதானே நடந்தா."

"நீங்க இருக்கறப்ப மட்டும் பிடிப்பாங்க."

போனை வைத்துவிட்டேன்.

முப்பது வருடம் இன்ஸ்பெக்ஷன். அரை மில்லிமீட்டர் தப்பினால் திருப்பி அனுப்பினேன். அவள் ஓட்டின காரில் ஏறும்போதெல்லாம் சீட்டைப் பின்னால் தள்ளிக்கொண்டே முணுமுணுப்பேன். அவள் உயரம் எனக்குத் தெரியாததா? ஒருநாள் அவளைச் சுவரோரம் நிற்க வைத்து, கையை இங்கே வை என்று கேட்டிருந்தால் போதும். கேட்கவில்லை. அழுதேன். சாப்பிடவில்லை.

ஜூன் 12, வியாழன்

இரண்டு நாள் பைப் கட்டிலடியில் கிடந்தது. இன்று மாதேஷிடம் கொடுத்துவிட்டேன். அவர் அளவுக்கு அறுத்து ஒட்டினார். தண்ணீரில் முக்கிக் காற்றடித்துப் பார்த்தோம். கசிவில்லை. ரப்பர் ஹோஸ், கிளிப், கச்சிதம்.

பெயின்டர் வந்தார். அந்தச் சுவரை மட்டும் விடச் சொன்னேன்.

"அதுதானே சார் ரொம்ப அழுக்கு?"

"இருக்கட்டும்."

ஜூன் 14, சனி

மழை இல்லை. காலை ஏழு மணி. சாமுண்டி மலை.

சீட்டைத் தள்ளவில்லை. முழங்கால் ஸ்டியரிங்கில் இடித்தது. ஏ.சி. முழுசாக. மூன்றாம் கியர். அவள் ஏ.சி.யை அணைக்கிற வளைவு வந்தது. கை தானாகவே ஸ்விட்ச் பக்கம் போனது. அணைக்கவில்லை. ஏறிவிட்டது.

மேலே போய் நிறுத்தியும் இறங்க முடியவில்லை, கால் மரத்துவிட்டது. ஏ.சி. ஓட, அப்படியே உட்கார்ந்திருந்தேன்.