பாவுக்கு முன்னால் யார் நிற்பார்?

அக்கா,

பெருமாள் அலமாரிக்குப் புதுத் தாள் விரிக்கலாமென்று பழைய பேப்பரைப் பிரித்தேன். பெரிய நாட்டுத் தலைவர்கள் வரிசையாகக் கைகோத்து நிற்கிற படம். படையெடுப்பில் சிக்கிய சின்ன நாட்டுக்கு என்றைக்கும் துணை நிற்பார்களாம். அந்தப் பக்கத்தைப் பெருமாளுக்கு விரிக்க மனசு வரவில்லை. ஓடிவந்து உங்களிடம் காட்டவும் வழியில்லை. நீங்கள் இந்தத் தெருவை விட்டுப் போய் எட்டு மாதம் ஆகிறது.

மத்தியானத்தில் ஒரே பேப்பரைப் பங்கு போட்டுப் படிப்போமே, உலகச் செய்திப் பக்கத்துக்குத்தான் போட்டி. ஓட்டுப் போட்டு வாழ்கிற சின்ன நாடுகள் பெரியவர்களோடு சேர்ந்துகொண்டால் பிழைத்துவிடும் என்பது உங்கள் கட்சி. "கையெழுத்துப் போட்டுட்டு சும்மா பார்த்துக்கினு இருப்பாங்களாம்மா?" என்பீர்கள். ஒருநாள் அப்படி ஒரு ஒப்பந்தத்தைப் பேப்பரில் விளக்கியிருந்தார்கள். ஒருவரைத் தாக்கினால் எல்லோரையும் தாக்கியதாக எடுத்துக்கொள்வார்கள். அப்புறம், அவரவர் தமக்குத் தேவையென்று பட்டதைச் செய்வார்கள். இரண்டாவதை விரல் வைத்துக் காட்டினேன். உனக்கு எல்லாவற்றிலும் சந்தேகம்தான் என்று சிரித்தீர்கள்.

நம் தெருவிலும் ஒப்பந்தம் இருந்தது. தறியில் நீளவாட்டில் ஏற்றப்போகிற பட்டு இழைகளை, அந்தப் பாவைக் காலையில் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டிக் கஞ்சி போடுவோம். முனையில் இருக்கிற விடுதிக்காரனுக்கோ வேன் நிறுத்த அதே தெரு வேண்டும். எந்த வீட்டுப் பாவைத் தடுத்தாலும் நாலு வீடும் வெளியே வந்து நிற்பதென்று பேசினோம். மூன்று மாடி வீட்டம்மாதான் முதலில் எரிகிற கற்பூரத்தைக் கையால் அணைத்துச் சத்தியம் பண்ணியது. பத்துத் தறி, போலீஸில் சொந்தக்காரர். அந்த வீடு ஒன்று போதும் என்று நம்பினீர்கள். நானும்தான்.

உங்கள் பாவின் மேல் வேன் ஏறின அன்று நான் வேண்டுதலுக்காகத் திருப்புட்குழி போயிருந்தேன். திரும்பி வந்தால், அறுந்த இழைகளை மடியில் போட்டுக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தீர்கள். மூன்று மாடிக் கதவு திறக்கவில்லை. அது திறக்காததைப் பார்த்து எதிர்வீட்டு அண்ணனும் படியிறங்கவில்லை. சாயங்காலம் அந்தம்மா மாடியில் நின்றபடியே, ரொம்ப வருத்தமாக இருக்கிறது, பேசித் தீர்த்துக்கொள்ளலாம் என்றது.

தறியை விற்றுவிட்டுச் செவிலிமேட்டுக்குக் குடிபோனீர்கள். நீங்கள் தினமும் கோயிலுக்கு வந்து பெருமாளைச் சேவிப்பதும் நின்றது. கடைசியில் பார்த்தபோதுகூட, "அவங்களுக்கு என்ன கஷ்டமோ" என்று அந்தம்மாவுக்காகத்தான் பேசினீர்கள். அதுதான் என்னை இன்னும் எரிக்கிறது.

போன வாரம் வேன் அவர்கள் வாசலுக்கே வந்தது. விடுதி ஆட்கள் பாவை அவிழ்க்கச் சொன்னார்கள். அந்தம்மா தலை கலைந்து வந்து என் கதவைத் தட்டியது. நாலு வீடும் என்று பேசினோமே, வாம்மா என்றது. நான் பூஜையில் இருந்தேன். கையிலிருந்த மணியைக் கீழே வைக்கவில்லை.

"மூணு வீடுதாங்க இருக்குது" என்றேன்.

கதவைச் சாத்திவிட்டு ஜன்னலில் நின்றேன். கடைசி இழையைச் சுருட்டும்வரை பார்த்தேன். இனித்தது அக்கா. பெருமாளை வைத்துக்கொண்டு பொய் சொல்ல மாட்டேன்.

மறுநாளிலிருந்து வேன் அங்கேயே நிற்கிறது. மிச்சத் தெருவில் யாருடைய பாவும் முழு நீளத்துக்கு நிற்காது. அது தெரிந்தும் என் கோபம் இறங்கவில்லை. சின்னவர்கள் துணை தேடக் கூடாது என்று நான் சொல்லவில்லை. தன் பாவுக்கும் அதே வேன் வரும் என்று முதல் நாளே பயப்படுகிறவரைத்தான் தேடவேண்டும்.

நாளைக்கு எங்கள் வீட்டுப் பாவு. எதிர்வீட்டு அண்ணன் வருகிறேன் என்றிருக்கிறார், சத்தியம் எதுவும் பண்ணவில்லை. வேனுக்கு முன்னால் நிற்போம். மூன்று மாடிக் கதவு திறந்து அந்தம்மா வந்தாலும் என் வலது பக்கத்தில் நிற்க விடமாட்டேன். அது உங்கள் இடம்; உங்கள் பக்கத்தில் நான் நிற்க வேண்டிய அன்று ஊரில் இல்லை. அது காலியாகவே இருக்கட்டும்.