ரெட் சாடில் தட்டுகளை இறக்கிவைத்தேன்

எல்கோ, ஜூலை 9

அன்பு மகள் ட்ரூடிக்கு அம்மா எழுதுவது. அந்தக் குளிர் ஊரில், மீன் கம்பெனி வேலையில் நீ சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். நாங்களும் சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், கை வரவில்லை. உன் அப்பா சாப்பிடுவதில்லை, ஏப்ரலிலிருந்து முப்பது பவுண்டு இளைத்துவிட்டார். டெலிபோனில் சொன்னால் அம்மா எப்போதும் பெரிதுபடுத்துவாள் என்பாய், அதனால்தான் கடிதம்.

ரெட் சாடில் ஹோட்டலில் இருபத்தாறு வருஷம் பரிமாறினவர், சூதாட்டக் கூடத்தோடு அதை இடித்துத் தள்ளினதும் அங்கே புழங்கிய பீங்கான் தட்டுகளை எப்படித் தேடித் தேடிச் சேர்த்தார் என்பது உனக்குத் தெரியும். ஊரில் யார் வாசலில் பழைய சாமான் விற்றாலும் முதல் ஆளாய் நிற்பார், கவிழ்த்து முத்திரையைப் பார்ப்பார், விளிம்பைக் கட்டைவிரலால் தடவுவார், பழுப்பு மையில் கயிறு சுற்றி நடுவில் குதிரை இருந்துவிட்டால் முகம் மலர்ந்துவிடும். சுவரெல்லாம் தட்டு, மேசையெல்லாம் தட்டு. இப்போது நினைவு கலைந்துபோய் இந்த வீடே அவருக்கு ரெட் சாடில். காலையில் வேலைக்குக் கட்டும் அந்தக் கயிற்று டையைக் கட்டிக்கொண்டு சமையலறை வாசலில் நிற்கிறார். என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நாலு மாசமாகிறது, நான் யாரோ சாப்பிட வந்த பொம்பளை. ‘மேடம், ஸ்டேக் சரியா வேகலைன்னா திருப்பி அனுப்புங்க, சமையல்காரனை நான் பாத்துக்கறேன்’ என்று கண்ணடிக்கிறார். கல்யாணமான நாளிலிருந்து என்னிடம் இத்தனை மரியாதையாகப் பேசினதில்லை மனுஷன். சிரிப்பதா அழுவதா சொல்லு.

பழகின தட்டென்றால் ஆசையாய்ச் சாப்பிடுவார் என்று நான், புத்திகெட்டவள், அந்தக் குதிரைத் தட்டிலேயே போட்டுப் போட்டுக் கொடுத்தேன். தொடவில்லை. நர்ஸ் வந்து பார்த்து, ‘இப்படியே போனா குழாய்தான் போடணும் லொரீன்’ என்று சொல்லிவிட்டாள். கெஞ்சினேன், மிரட்டினேன். கடைசியில் அவரே குனிந்து ரகசியமாய், ‘ஹால்ல ஆளு இருக்கறப்ப நாங்க வாயில ஒண்ணும் போடக்கூடாது மேடம், சீட்டைக் கிழிச்சிருவாங்க’ என்றார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. கண்ணெதிரே தட்டுகள் அடுக்கியிருக்கும்வரை அவருக்குச் சாப்பாட்டுக் கூடம் திறந்திருக்கிறது, எப்படிச் சாப்பிடுவார்?

போன திங்கட்கிழமை ஏணி போட்டு ஏறி அத்தனையும் இறக்கிப் பெட்டிகளில் கட்டிக் கராஜில் வைத்தேன். இறக்கும்போது இரண்டு உடைந்துபோயின, நல்லவேளை அவர் பார்க்கவில்லை. மத்தியானம் வெறும் சுவரைப் பார்த்துவிட்டு, ‘எல்லாரும் போயாச்சா?’ என்றார், போயாச்சு என்றேன். அப்பாடா என்று டையைத் தளர்த்தி, சிங்க் ஓரமாய் நின்றபடியே பீன்ஸ் சூப்பை வழித்துச் சாப்பிட்டார் ட்ரூடி, இரண்டு கிண்ணம். கடவுளே என்று நான் உட்கார்ந்துவிட்டேன். அவரோ தொப்பியை எடுத்தார். ‘வர்றேன் மேடம், வீட்ல லொரீன் காத்துக்கிட்டிருப்பா’ என்று வாசலைத் திறந்து நெடுஞ்சாலைப் பக்கம் நடந்துவிட்டார்.

அன்றைக்குப் பக்கத்து வீட்டு ஹோரஸ் பார்த்துக் காரில் ஏற்றிவந்தான், தினமும் அவன் எங்கே இருக்கிறான், சுரங்கத்துக்கு வேலைக்குப் போய்விடுகிறான். பூட்டினால் கதவை அடித்து, ‘என் பொண்டாட்டி பயந்துருவா, விடுங்க’ என்று அழுகிறார். சாப்பிட்டதும் தட்டுகளைத் திரும்ப எடுத்து அடுக்கியும் பார்த்தேன், ‘அடுத்த ஷிஃப்ட்டுக்காரன் பாத்துப்பான்’ என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டார். அடுக்கினால் பட்டினி, இறக்கினால் நெடுஞ்சாலை. நான் என்னடி செய்வேன்?

நேற்று நானும் கூட வருகிறேன் என்று முன்வாசல் வழியாகப் புறப்பட்டு வீட்டைச் சுற்றிப் பின்வாசலுக்குக் கூட்டிவந்தேன், வேலை முடிந்து அவர் வீட்டுக்குள் வருவது எப்போதும் அந்த வழிதானே. துணி காயும் கொடியைப் பார்த்ததும் முகமே மாறிவிட்டது. கதவைத் திறந்து, ‘லொரீன், வந்துட்டேன்’ என்று கூப்பிட்டார். நாலு மாசத்துக்கு அப்புறம் என் பெயர். முழங்கால் வலியில் மூச்சுவாங்க அவர் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டு, இங்கேதான் இருக்கேன் என்றேன். திரும்பிப் பார்த்து, ‘நீங்க இல்ல மேடம்’ என்றார். அறை அறையாய்த் தேடினார், கட்டிலுக்கு அடியில்கூடக் குனிந்து பார்த்தார், பிறகு தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு சின்னப்பிள்ளை மாதிரி அழுதார்.

இதற்கு இரண்டு பேர் வேண்டும் ட்ரூடி. அவரோடு வாசலில் புறப்பட ஒருத்தி, வீட்டுக்குள் லொரீனாகக் காத்திருக்க ஒருத்தி. பாதியில் விட்டுவிட்டு முந்திக்கொண்டு வீட்டுக்குள் ஓட என் காலில் தெம்பில்லை, விட்டால் சாலைக்குப் போய்விடுகிறார். மீன் சீசன் முடியட்டும் என்று மட்டும் சொல்லாதே, அதுவரை தாங்கமாட்டார். உன் காலில் விழுகிறேன் என்று பெற்றவள் எழுதக்கூடாது, எழுதிவிட்டேன்.

கடவுள் உன்னை வழித்துணையாய் இருந்து கொண்டுவந்து சேர்க்கட்டும். மறந்துவிடாதே, உன்னை அவருக்கு அடையாளம் தெரியாது. சாப்பிட எத்தனை பேர் என்று கேட்பார். கோபித்துக்கொள்ளாமல், ஒருத்திதான் என்று சொல்லி உட்கார்.

உன் அம்மா,
லொரீன்