வெங்காயத்தில் இல்லாத புரோட்டீன்

காலை பத்து நாற்பதுக்குச் செய்தி வந்தது. பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் நின்றிருந்தேன். நீ இறந்த பிறகு முதல்முறையாக உன் ஆராய்ச்சி கைடு போனில் பேசினார். உன் கடைசி சாம்பிளின் முடிவு, புரோட்டீன் அளக்கும் கருவியிலிருந்து வந்துவிட்டதாம்.

"தம்பி, பூராவும் கெரட்டினா கெடக்கு. கையுறை ஒழுங்கா போடல போல. கவனக்குறைவு. ஆராய்ச்சிப் பேப்பர்ல அந்தப் பொண்ணு பேர மொதல்ல போட முடியாது. நன்றியுரையில ஒரு வரி சேத்துருவோம்."

கெரட்டின் மனிதத் தோலிலும் முடியிலும் இருக்கும் புரோட்டீன். வெங்காயத்தில் அது கிடையாது. உன் சாம்பிளோ, குரும்பலூர் வயலில் திருகல் நோய் விழுந்த சின்ன வெங்காயம்.

இதே பஸ் ஸ்டாண்டில் ஒருமுறை உன்னைக் கேட்டேன். "ஒரு நோய்க்கு ஒரு புரோட்டீனப் புடிச்சா போதாதா? எதுக்கு எல்லாத்தையும் அளக்குற?"

"ஏங்க, ஒரு கண்டக்டரை மட்டும் புடிச்சுக் கேட்டா இந்த பஸ் ஸ்டாண்டு புரிஞ்சிருமா? அரியலூர் பஸ் லேட்டானா எந்தக் கடையில டீ கூட விக்குதுங்குற வரைக்கும் பாக்கணும். வெங்காயத்தோட செல்லும் அப்படித்தான். கம்ப்யூட்டர் படிச்சவருக்கு இதுகூடத் தெரியல!"

கையுறை போடத் தெரியாதவளா நீ? ஒன்றின்மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டாய். புற்றுநோய் மருந்தில் உன் தோல் உரிந்தது. முடி கொத்துக்கொத்தாக வந்தது. தலையை மூடிக்கொண்டு பஸ் மாறி மாறி லேபுக்குப் போனாய். அந்த மனிதருக்கு இதெல்லாம் தெரியும். "லீவு போட்டா இந்தப் பட்டத்து வெங்காயம் போயிரும்மா" என்று உன்னை வரச் சொன்னதே அவர்தான். இப்போது கவனக்குறைவாம்.

எனக்கு அழுகை வரவில்லை.

"கெரட்டின் விழாத லேப் எங்க சார் இருக்கு? ஃபைல அனுப்புங்க" என்றேன்.

வீட்டுக்குத் திரும்பி, உன் டேட்டாவை எப்போதும்போல நானே பிரித்தேன். வெளியிலிருந்து கலந்த புரோட்டீன்களை நீக்கும் கட்டளையை அடித்துவிட்டு, எண்டர் தட்டாமல் உட்கார்ந்திருந்தேன். உன்னை எரித்தாயிற்று, சாம்பலைக் கொள்ளிடத்தில் கரைத்தாயிற்று. உன் உடம்பில் மிச்சம் இந்தக் கெரட்டின்தான். நீ சரியாக வேலை செய்தாய் என்று காட்ட, உன்னையே கழிக்க வேண்டியிருந்தது.

கழித்தேன். வெங்காயம் தெளிவாக எழுந்து வந்தது. நோய் தொட்டதும் எந்தப் புரோட்டீன்கள் சேர்ந்து பெருகின, எவை சேர்ந்து அடங்கின, எல்லாம் நீ சொன்னபடியே. உன் பெயரை முதலில் போட்டு, அந்த முடிவைப் பேப்பரில் பங்குள்ள அத்தனை பேருக்கும் அனுப்பினேன். அந்தப் பெயர் ஓர் இடம் இறங்கினாலும் சும்மா இருக்க மாட்டேன் என்றும் எழுதினேன்.

கழிக்காத ஃபைலை அழிக்கவில்லை. அதில் உனக்கும் வெங்காயத்துக்கும் நடுவே கோடு கிடையாது.

உன் கைடு கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். போனை அணைத்துவிட்டேன்.