படகில் இருந்த அம்மன் படம்

மச்சான்,

போனில் பேசினால் யார் காதில் விழுமோ என்று பயம். அதனால்தான் இந்தக் காகிதம்.

நேற்று நான் வந்தபோது நீ வீட்டில் இல்லை. அதுவும் நல்லதுதான்.

செங்கல்பட்டு ஆர்டிஓ ஆபீஸ் வாசலில் பைக் இன்சூரன்ஸ் போட்டுக்கொண்டிருந்த என்னை நம்பி, முதன்முதலில் படகுக்குப் பாலிசி எடுத்தவன் நீ. உன்னைப் பார்த்துத்தான் உன் குப்பமே என்னிடம் வந்தது. இருபத்திரண்டு வருடத்தில் ஒரு கிளெய்மிலும் என் பெயர் கெட்டதில்லை.

தங்கச்சி ரஞ்சிதா தண்ணீர் கொடுத்துவிட்டு அழுதாள். "இன்னாண்ணா பண்றது, கட்டிப் போட்ட படகை அலை இழுத்துகினு பூட்ச்சு. ஒரு சாமான்கூட எடுக்க முடில."

தலையாட்டிக்கொண்டே நிமிர்ந்தேன். சுவரில் அம்மன் படம். பாலிசிக்குப் போட்டோ எடுத்த அன்று, உன் படகின் என்ஜின் பெட்டிக்கு மேலே நான் பார்த்த அதே படம். மூலையில் அதே டீசல் கறை. ஒரு சொட்டுத் தண்ணீர் பட்ட தடம் இல்லை.

"இது எப்பம்மா வூட்டுக்கு வந்துச்சு?"

"எப்பவும் இங்கதாண்ணா கீது" என்றவள் என் முகத்தைப் பார்க்கவில்லை.

வியாழக்கிழமை இன்சூரன்ஸ் கம்பெனி சர்வேயர் விசாரிக்க வருகிறார். படம் தெரியும் அந்தப் போட்டோ அவர் கையில் இருக்கும். அவரும் கடற்கரைக்காரர்தான். சாமி படத்தோடு படகை மூழ்கடிக்க உங்களில் எவனுக்கும் கை வராது என்பது அவருக்கும் தெரியும். கிளெய்ம் பாரத்தில் உன் கையெழுத்துக்குக் கீழே என் கையெழுத்தும் இருக்கிறது.

அம்மனைப் பத்திரமாக இறக்கிவிட்டாயே மச்சான், என்னை இறக்கிவிட உனக்கு ஏன் தோன்றவில்லை?

இப்படிக்கு,
இன்னும் உன் படகில் இருப்பவன்