கலெக்டருக்குக் கலர் ஏறணும், மச்சான்

என் அருமை மச்சான்,

போன இடத்துல மீன் தொட்டி இருக்கா, இல்ல சும்மா உக்காந்து யாரையாவது கேலி பண்ணிட்டிருக்கியா? இங்க எனக்கு ஒரு இடத்துல உக்கார முடியல. ஒரு வரி எழுதறேன், எழுந்து போய் உன் தொட்டியைப் பாக்கறேன், திரும்ப வந்து இன்னொரு வரி. நாளைக்குக் காலையில உன் பொண்ணு நித்யா பெங்களூர்லேர்ந்து வர்றா, உன் வருஷத் திதிக்கு. "மாமா, வந்ததும் அப்பாவோட மீனைத்தான் பாக்கணும்"னு போன்ல சொல்லிட்டா.

அங்கதான் சிக்கல்.

கிளி மூக்கு வெச்ச உன் பேரட் மீனுங்க மூணும் வெளுத்துப்போச்சு. வேங்கிக்கால்ல உன் வீட்ல ஆரஞ்சு மிட்டாய் மாதிரி திரிஞ்சதுங்க, எங்க வீட்டுக்கு வந்து வேகவெச்ச சேப்பங்கிழங்கு மாதிரி ஆயிடுச்சுங்க. கலெக்டர் ஆபீஸ்ல வேலை பாத்த திமிர்ல பெருசுக்கு 'கலெக்டர்'னு பேர் வெச்சியே, அதுதான் ரொம்ப மோசம். பக்கத்து வீட்டம்மா எட்டிப் பாத்துட்டு, "மஞ்சக்காமாலைங்க, கீழாநெல்லி அரைச்சு ஊத்துங்க"ன்னாங்க. நானும் ஒரு நிமிஷம் யோசிச்சேன்.

யாரால ஆச்சுன்னு கேக்கறியா? உன் தங்கச்சியால. சரி, பாதி என்னால. கார்த்திகையில எங்க பையன் தீபத்துக்கு மாலை போட்டான். வீட்ல கவுச்சியே கூடாதுன்னுட்டா. நீ மீனுக்கு அரைச்சுப் போடுவியே சென்னாகுன்னி, அந்தப் பொடி இறால் கருவாடு, அதுவும் கூடாதாம்.

"ஏன்டி, மீனே கவுச்சிதானே?"

"உயிரோட இருக்கற வரைக்கும் அது சைவம். பேசாம பொரி போடுங்க."

கோயில் குளத்துல பொரி வீசியே பழகின ஊர்க்காரன் நான். போட்டேன். தீபம் முடிஞ்சு பையன் மாலையைக் கழட்டினதும் அடுத்த உத்தரவு வந்துச்சு: அண்ணன் திதி முடியற வரைக்கும் கவுச்சி கிடையாது. உனக்காக உன் மீனுங்களே விரதம் இருந்துச்சுங்க, மச்சான். நித்யா போட்டோ கேட்டப்பல்லாம் நீ எடுத்த பழைய போட்டோவையே அனுப்பினேன். "சூப்பரா வெச்சிருக்கீங்க மாமா"ன்னா. வெக்கமில்லாம சந்தோஷப்பட்டேன்.

அப்புறம் பயம் வந்து மீன் கடைக்காரர்கிட்ட ஓடினேன். "கலர் தீனியிலேர்ந்துதாங்க வரணும். இறால், கேரட், சுருள்பாசி இப்படி ஏதாவது போடுங்க. ஊசி போட்ட மாதிரி ஏறாது, வாரக்கணக்கா ஆகும்"னார். நீயும் இதையே சொல்லிச் சொல்லி என் உயிரை வாங்கினவன்தானே? "அப்ப தினம் தக்காளி ரசம் குடிச்சா நானும் செவப்பாயிடுவேனா?"ன்னு உன்னைக் கேட்டு சிரிச்சவன் நான்.

அன்னிக்கே மொட்டை மாடியில திருட்டுத்தனமா சென்னாகுன்னியை இடிச்சேன். அந்த நாத்தத்தை எங்கே ஒளிச்சு வெக்கறது? உன் தங்கச்சி படியேறி வந்துட்டா. தொலைஞ்சோம்னு நெனச்சேன். கிண்ணத்தை வாங்கி மோந்து பாத்தா.

"அண்ணன் கை இப்படித்தான் நாறும். தள்ளி உக்காந்து சாப்பிடுன்னு எவ்ளோ திட்டியிருக்கேன்."

கீழ போனவ, வேகவெச்ச கேரட்டோட திரும்பி வந்தா. "இதையும் சேத்து மசிங்க. கொஞ்சம் ஜாஸ்தியாவே."

அது நடந்து சில வாரம் ஆச்சு. இப்ப கலெக்டரோட வயித்துலயும் துடுப்பு ஓரத்துலயும் லேசா ஆரஞ்சு எட்டிப் பாக்குது. முதுகு இன்னும் கிழங்குதான். இது போதுமா? "அப்பா இருந்தா இப்படி விட்டிருப்பாரா?"ன்னு அவ கேட்டா, நான் எந்த மூஞ்சியை வெச்சுக்கறது?

ஒரு கோல்மால் பண்ணி வெச்சிருந்தேன். தொட்டி மேல செவப்பு பல்பு. போட்டா மூணும் தகதகன்னு மின்னுதுங்க, கலெக்டருக்கு பிரமோஷன் கிடைச்ச மாதிரி. உன் தங்கச்சி பாத்துட்டு, "அவ யார் பொண்ணு? வந்ததும் மொதல்ல பல்பைத்தான் பாப்பா"ன்னுட்டுப் போயிட்டா.

சரி மச்சான், சத்தியமா கழட்டிடறேன். வெளுத்ததை வெளுத்தபடியே காட்டறேன். கிண்ணத்தை நித்யா கையில குடுத்து, நாளைக்குத் தீனியை அவளையே போடச் சொல்றேன். விரல் நாறும்னு மட்டும் முன்னாடியே சொல்ல மாட்டேன். அதை அவளே மோந்து தெரிஞ்சுக்கட்டும்.

உன் தங்கச்சிகிட்ட உன் பங்குத் திட்டையும் சேத்து வாங்கிட்டிருக்கற,
உன் மாப்ள